மருந்து எது என்று கேட்காதீர்கள்

தென்னை விவசாயிகள் நான்கு பேர் கூடினால் இன்று முதலில் எழும் கேள்வி, "வாடலுக்கு என்ன மருந்து?" என்பதுதான். ஆனைமலையில் அதைத்தான் கேட்கிறார்கள், கம்பத்தில் அதைத்தான் கேட்கிறார்கள், பேராவூரணியிலும் அதேதான். உரக்கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார். வாட்ஸ்ஆப் குழுவில் வேறொருவர் இன்னொரு பாட்டிலின் படம் போடுகிறார். மேடையேறும் அரசியல்வாதி, ஆராய்ச்சி நிலையங்கள் கூடிய விரைவில் மருந்து கண்டுபிடித்துவிடும் என்று கைதட்டல் வாங்குகிறார். மூவரும் நம்புவது ஒன்றையே: நோய் என்று ஒன்று இருந்தால் அதற்கு மருந்து என்று ஒன்று இருக்கும், அது இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை அடியோடு தவறு. காசு வீணாவதோடு போனால்கூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். மருந்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நோயுற்ற மரம் தோப்பில் நிற்கிறது. அதிலிருந்து அடுத்த மரத்துக்கும் அடுத்த தோப்புக்கும் நோய் போகிறது. மருந்து தேடும் வேலைதான் இந்த நோய்க்கு இன்று கிடைத்திருக்கும் மிகப்பெரிய அவகாசம்.

ஆனைமலைப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே வரப்பை ஒட்டி மூன்று மரங்கள். முதல் மரத்தில் ஓலையின் கீற்றுகள் எல்லாம் விலா எலும்பு போல உள்பக்கமாக வளைந்து தொய்ந்திருந்தன. அடி மட்டைகள் மஞ்சள் பூத்து, விளிம்பு கருகி, காய்கள் சிறுத்துப்போயிருந்தன. இரண்டாவது மரத்தில் மட்டைகள் தண்டோடு ஒட்டித் தொங்கின. அடித்தண்டில் முழங்கால் உயரத்தில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்து காய்ந்திருந்தது. காய்ந்த புல்லை விலக்கினால், தண்டும் மண்ணும் சேரும் இடத்தில் அரைவட்டமாக ஒரு காளான். மேல்பக்கம் மெருகு பூசியதுபோல் பழுப்பு, அடிப்பக்கம் வெள்ளை. மூன்றாவது இளமரம். அதன் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கூழாக அழுகி நாற்றம் அடித்தது.

மூன்று மரத்தின் வேரிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் பை கட்டித் தொங்கியது. தோப்புக்காரர் சொன்னார்: "மூணுக்கும் ஒரே மருந்துதானுங்க. வாடலுக்குன்னு கேட்டு வாங்கினதுங்க."

இங்கே நிற்க வேண்டும். அந்த மூன்று மரங்களுக்கும் வந்திருப்பது மூன்று வெவ்வேறு நோய்கள், மூன்று வெவ்வேறு உயிர்கள். முதலாவது கேரள வேர் வாடல் நோய். அதை உண்டாக்குவது பைட்டோபிளாஸ்மா எனப்படும், செல் சுவரே இல்லாத ஒரு வகை பாக்டீரியா. இரண்டாவது தஞ்சாவூர் வாடல் என்ற அடித்தண்டழுகல். கானோடெர்மா என்ற பூஞ்சணத்தின் வேலை. மூன்றாவது குருத்தழுகல், பைட்டோப்தோரா என்ற உயிரி. பார்வைக்குப் பூஞ்சணம் போல இருந்தாலும் அது உண்மையான பூஞ்சணக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. பைக்குள் இருந்த மருந்து ஹெக்சகோனசோல். பூஞ்சணத்தின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டிரால் என்ற பொருளை உருவாகவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. கானோடெர்மா அந்தப் பொருளைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. அதனால் ஆரம்ப நிலையில் மருந்து ஓரளவு பிடிக்கும். பைட்டோப்தோரா அதை உருவாக்குவதே இல்லை. பைட்டோபிளாஸ்மாவுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தடுக்க வேண்டிய பொருளே இல்லாத இடத்தில் தடுப்பு மருந்து என்ன செய்யும்? மூன்றில் இரண்டு மரங்களுக்கு அந்தப் பை கட்டியதும் கட்டாததும் ஒன்றுதான். மீதியுள்ள அடித்தண்டழுகல் மரத்துக்கும், காளான் வெளியே தெரியும் அளவுக்கு உள்ளே அழுகிய பிறகு, பெரிதாக ஒன்றும் நடக்கப்போவதில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இது எந்த நோய் என்பது. மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு அந்தக் கேள்வி எழுவதே இல்லை. கடைக்காரரும் மரத்தைப் பார்த்தவரில்லை.

இதற்கு வரும் முதல் பதில் எனக்குத் தெரியும். "மருந்து ஊற்றினேன், மரம் தேறியதே! புதுக் குருத்து நன்றாக வந்ததே!" சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, அவர் கண்டது உண்மை. ஆனால் அதன் காரணம் வேறு. வேர் வாடல் வந்த மரம் பலவீனப்பட்டிருக்கும்போது இலையழுகல் என்ற இன்னொரு நோய் கூடவே ஏறிக்கொள்ளும். அது பூஞ்சணங்களால் வருவது. குருத்தோலைகளை அழுகவைத்து, விரியும்போதே கிழியவும் கருகவும் வைப்பது. இரண்டு மில்லி ஹெக்சகோனசோலை 300 மில்லி தண்ணீரில் கலந்து குருத்தின் அடியில் ஊற்றினால் இந்த இலையழுகல் அடங்கும். அடுத்து வரும் ஓலை முழுசாக விரியும். விவசாயி மகிழ்கிறார். உள்ளே இருக்கும் வாடல் அப்படியே இருக்கிறது. கூடவே தொழுவுரமும் சாம்பல் சத்தும் போட்டிருப்பார், கோடையில் தண்ணீர் விட்டிருப்பார். காய்ப்பு கொஞ்சம் கூடியிருக்கும். வேர் வாடல் மரத்தைச் சட்டென்று கொல்கிற நோய் இல்லை. ஆண்டுக்கணக்கில் மெலியவைக்கிற நோய். நல்ல மழை, நல்ல உரம் என்றால் மரம் சில காலம் தெம்பாகத் தெரியும். அந்தத் தெம்பை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இலையழுகலுக்கு மருந்து ஊற்றுவதும் சத்து கொடுப்பதும் தேவைதான், செய்யத்தான் வேண்டும். வாடல் குணமாகிவிட்டது என்று எண்ணி அந்த மரத்தைத் தோப்பில் வைத்திருப்பதுதான் தவறு.

அடுத்த பதில் கொஞ்சம் கோபமாக வரும். "நிலாவுக்கு ராக்கெட் விடுகிறார்கள், தென்னைக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியாதா?"

தேடாமல் இருந்தார்கள் என்று யார் சொன்னது? இந்த நோய் முதலில் கவனிக்கப்பட்டது 1882 வெள்ளத்துக்குப் பிறகு, திருவிதாங்கூரின் மீனச்சில் பகுதியில் ஈராட்டுப்பேட்டையில். 1908-இல் எட்வின் பட்லர், அந்தக் காலத்தின் தலைசிறந்த பூஞ்சணவியலர், அதை ஆராய்ந்தார். அழுகிய வேரைப் பார்த்துப் பூஞ்சணம் என்றே முடிவுக்கு வந்தார். அதன் பிறகு பாக்டீரியா, நூற்புழு, வைரஸ், மண்ணில் சத்துக் குறைவு என்று ஒவ்வொன்றையும் சந்தேகித்து ஒவ்வொன்றுக்கும் மருந்து பார்த்தார்கள். இந்த ஒரு நோய்க்காகவே 1940-களின் இறுதியில் காயங்குளத்தில் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பைட்டோபிளாஸ்மாவைக் கண்டது 1983-இல்தான். முதல் மரம் வாடி நூறு ஆண்டுகள் ஆன பிறகு! அந்த நூறு ஆண்டுகளும் காரணம் தெரியாமலே எத்தனையோ மருந்துகள் ஊற்றப்பட்டன. நோய் நிற்கவில்லை. 1980-களின் நடுவில் எடுத்த கணக்கெடுப்பில் திருவனந்தபுரம் தொடங்கி திருச்சூர் வரை எட்டு மாவட்டங்களில் சுமார் 4.1 லட்சம் ஹெக்டேரில் பரவியிருந்தது. ஆண்டுக்கு 96 கோடிக்கும் மேற்பட்ட காய்கள் இழப்பு என்று மதிப்பிட்டார்கள். அதுவே செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் பாலக்காட்டுக் கணவாய் ஓரமாகவும் நம் பக்கம் தெரியத் தொடங்கியது. கேரளம் நூறாண்டு கொடுத்துப் படித்த பாடத்தை நாம் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமா?

சரி, பைட்டோபிளாஸ்மாவைத் தாக்கும் மருந்தே கிடையாதா என்றால், உண்டு. செல் சுவர் இல்லாததால் பெனிசிலின் வகை அதன்மேல் பலிக்காது. டெட்ராசைக்ளின் வகை பலிக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தென்னையைக் கொல்லும் மஞ்சள் நோய்க்கு, அதுவும் பைட்டோபிளாஸ்மாதான், தண்டில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அறிகுறி அடங்கியது. ஆனால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். அது சாலையோரத்திலும் ஓட்டல் வாசலிலும் அழகுக்கு நிற்கும் மரங்களுக்கு. நம் மரத்திலிருந்து நாம் இளநீர் குடிக்கிறோம். குழந்தைக்கும் நோயாளிக்கும் முதலில் கொடுப்பது அதைத்தான். அந்த நீர் ஊறும் மரத்துக்குள் ஆண்டுக்கு மூன்று முறை, ஆயுள் முழுக்க, மனிதருக்கான ஆன்டிபயாடிக்கை ஏற்றுவது என்ற யோசனையை யோசனையாகக்கூட நான் ஏற்கமாட்டேன். இன்னொன்று: மா, வேம்பு போலத் தென்னையின் தண்டு புண் ஆறி மூடாது. துளை போட்டால் துளை கடைசிவரை துளைதான். ஒவ்வொரு ஊசித் துளையும் செங்கூன்வண்டுக்கும் சாறு வடியும் நோய்க்கும் திறந்துவைத்த வாசல்.

இயற்கை வேளாண்மை அன்பர்கள் சிலர் வேறொரு பக்கமிருந்து வருகிறார்கள். ரசாயன உரம் போட்டு மண்ணைக் கெடுத்ததால் வந்த நோய் இது. பஞ்சகவ்யமும் அமிர்தக் கரைசலும் கொடுத்தால் போய்விடும் என்கிறார்கள். அவர்களுடைய மண் அக்கறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1882-இல் மீனச்சில் தோப்புகளில் யூரியா மூட்டை எதுவும் இறங்கவில்லை. ரசாயன உரம் என்ற பேச்சே அங்கே இல்லாத காலத்தில், சாணமும் சாம்பலும் தழையும் மட்டுமே கண்ட மண்ணில்தான் நோய் தொடங்கியது. பாட்டிலை மாற்றிக் குடத்தை வைத்தாலும் கேள்வி அதே பழைய கேள்விதான்: என்ன ஊற்றினால் போகும்?

எதை ஊற்றினாலும் போகாது என்பதற்குக் காரணம் இந்த நோய் வாழும் இடமும் பயணம் செய்யும் விதமும். பைட்டோபிளாஸ்மா மரத்தின் உணவுக்குழாய்த் திசுவுக்குள் இருக்கிறது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் நோயுற்ற ஓலையில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும்போது அதையும் எடுத்துச் செல்கின்றன. பூச்சிக்கு வேலி தெரியாது, சர்வே எண் தெரியாது. நோய் உள்ளே நுழைந்து வெளியே தெரிய நீண்ட காலம் பிடிக்கும். நீங்கள் மஞ்சளைப் பார்க்கும் நாளில் அந்த மரம் ஏற்கெனவே பல மாதங்கள் நோயைப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கும். இப்படிப்பட்ட நோயில் நோயாளி மரத்தைக் காப்பாற்றுவது குறிக்கோளாக இருக்க முடியாது. இன்னும் நோய் வராத மரங்களைக் காப்பாற்றுவதே குறிக்கோள். அதற்கு ஒரே வழி, நோயுற்ற மரத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்து வெட்டி அப்புறப்படுத்துவது.

வெட்டச் சொல்வது எளிது என்று கோபப்படுகிறவர்களின் கோபம் நியாயமானது. தாத்தா வைத்த மரம். பேரன் படிப்புக்குக் காசு கொடுத்த மரம். எழுபது மரம் மட்டுமே வைத்திருப்பவரிடம் இருபதை வெட்டச் சொன்னால் அவர் குடும்பம் என்ன செய்யும்? ஆனால் கணக்கைப் பாருங்கள். நன்றாக இருக்கும் நெட்டை மரம் ஆண்டுக்கு எண்பது, நூறு காய் கொடுக்கிறது. வாடல் முற்றிய மரம் பத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதையும் சிறுத்த காய் என்று வியாபாரி கழித்துவிடுகிறார். நோய் ஊறிப்போன கேரளத் தோப்புகளில் ஆண்டுக்குப் பத்துக் காய்கூடக் காய்க்காத மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்யுங்கள் என்பது ஆராய்ச்சி நிலையத்தின் பழைய பரிந்துரை. நோய் இப்போதுதான் உள்ளே வரும் எல்லைப் பகுதிகளில், அதாவது நம் பகுதிகளில், இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அங்கே நோய் கண்ட மரம் எத்தனை காய் காய்த்தாலும் வெளியேற வேண்டும். இருபதை இன்று வெட்டத் தயங்கினால் எழுபதையும் பத்தாண்டில் இழக்க நேரிடும்.

அந்த இழப்பை விவசாயி மட்டும் சுமக்கக் கூடாது. இங்கேதான் எனக்கு அரசுமேல் வருத்தம். தென்னை வளர்ச்சி வாரியத்தில் மறுநடவு, புதுப்பித்தல் திட்டம் இருக்கிறது. நோயுற்ற மரத்தை அகற்ற மானியம் இருக்கிறது. ஆனால் விவசாயி கேட்பது மருந்து, கட்சிகள் வாக்குறுதி கொடுப்பது மருந்து. அதனால் இலவச இடுபொருள் பொட்டலம் விநியோகிக்கும் விழாவுக்குப் பந்தல் போடுகிறார்கள். வெட்டிய மரத்துக்கு இழப்பீடு என்ற கோரிக்கை மனு வரிசையில் கடைசியில் நிற்கிறது. வெட்டும் மரத்துக்கு, புது மரம் காய்ப்புக்கு வரும் நான்கு முதல் ஏழு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஈடு கொடுங்கள் என்று விவசாயச் சங்கங்கள் சாலையில் உட்கார்ந்தால் அதில் நானும் உட்காருவேன். பாட்டில் கேட்டு உட்கார்ந்தால் மாட்டேன்.

"நான் வெட்டினால் போதுமா, பக்கத்துத் தோப்புக்காரர் வெட்டவில்லையே" என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. தனி ஆள் வெட்டினால் போதாது, உண்மை. இதை நம் முன்னோர் நம்மைவிடத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். 1919-இலேயே மதராஸ் மாகாணத்தில் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் வந்தது. ஒரு நோயைப் பரவக்கூடியது என்று அறிவித்து, குறிப்பிட்ட பகுதியில் உள்ள அத்தனை பேரும் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கட்டளையிட அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. பயிர் நோய் ஒருவரின் சொந்த விவகாரம் இல்லை என்ற புரிதல் அன்றைக்கே இருந்தது. இன்றைக்கு ஒவ்வொருவரும் அவரவர் தோப்புக்கு அவரவர் பாட்டில் என்று பிரிந்து நிற்கிறோம்.

ஆனால் மற்றவர்கள் சேரும்வரை தனி ஆள் வெட்டுவதும் முழுக்க வீண் போகாது. ஜமைக்காவில் கொல்லும் மஞ்சள் நோய் லட்சக்கணக்கான மரங்களை அழித்தபோது ஒரு தோட்டம் மட்டும் தாக்குப்பிடித்தது. அந்த விவசாயி ஊசியோ மருந்தோ தேடவில்லை. வாரம் தவறாமல் ஒவ்வொரு மரத்தையும் ஆள் விட்டுப் பார்த்தார். முதல் அறிகுறி தெரிந்த மரத்தை அன்றே வெட்டி எரித்தார். வெட்டிய இடத்தில் புதுக்கன்று வைத்தார். களை எடுத்தார், உரம் போட்டார். இவை அத்தனையையும் விடாமல் செய்தார். பின்னால் ஆராய்ச்சியாளர்கள் அந்த முறைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கன்று என்றதும் இன்னொரு மூடநம்பிக்கையும் நினைவுக்கு வருகிறது: நோய் எதிர்ப்பு ரகம் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பது. இதுவும் மருந்து தேடும் மனத்தின் இன்னொரு முகம்தான். ஜமைக்கா மேபான் என்ற வீரிய ஒட்டு ரகத்தை நம்பி நாடு முழுக்க நட்டது. 1990-களின் இறுதியில் அதுவும் விழத் தொடங்கியது. நம்மிடம் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா என்று நோயைத் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன, நடத்தான் வேண்டும். ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பதைக் கவனியுங்கள். நோய் ஊறிய தோப்புகளின் நடுவில், சுற்றிலும் எல்லாம் வாட, தான் மட்டும் வாடாமல் நின்ற மரங்களைத் தேடித் தேடிக் குறித்து, அவற்றிலிருந்து எடுத்தவை அவை. நம் தோப்புகளிலும் அப்படி மரங்கள் நிற்கின்றன. நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணும் காசும் நேரமும் நோயாளி மரத்தின் வேரில் பை கட்டுவதிலேயே போய்விடுகின்றன. விதைக்காய் மட்டும் விலை மலிவாக எந்த ஊரிலிருந்து கிடைத்தாலும் வாங்கி வருகிறோம்.

இவ்வளவு சொன்னதால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குருத்தழுகலுக்குப் போர்டோ கலவையைப் போன்ற காவல் இல்லை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். தனித்தனியாகக் கரைத்துச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் துரு இல்லாத அரிவாளையோ கத்தியையோ ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சேர்க்க வேண்டும். அதை மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே குருத்தில் படும்படி அடிக்க வேண்டும், குருத்து கையோடு வந்த பிறகு அடித்துப் பயனில்லை. அடித்தண்டழுகலுக்கும் அப்படியே. நோயுற்ற மரத்தை வேர்க்கட்டோடு தோண்டி அகற்றுவதும், சுற்றியுள்ள மரங்களுக்கு இடையே தடுப்புக் குழி வெட்டுவதும் முதலில் வரும். ஒரு மரத்தின் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடாமல் தனி வட்டப்பாத்தி போட வேண்டும். ஆண்டுக்கு மரத்துக்கு ஐம்பது கிலோ தொழுவுரம், ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு, கூடவே டிரைக்கோடெர்மா கொடுக்க வேண்டும். ஹெக்சகோனசோல் பை இவற்றுக்கெல்லாம் கடைசியில்தான் வரும். அதுவும் பக்கத்து மரத்துக்குத்தான், காளான் பூத்த மரத்துக்கு இல்லை.

இந்த வேலைகளில் விளம்பரம் கொடுக்கும்படி எதுவும் இல்லை. தடுப்புக் குழிக்கு விற்பனைப் பிரதிநிதி கிடையாது. அதனால்தான் இதைச் சொல்லும் குரல் சந்தையில் கேட்பதில்லை.

வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஊருக்கு ஒரு குழுவாக இறங்கி, தோப்புத் தோப்பாகப் போய், வேர் வாடலுக்கு ஒரு நிறம், அடித்தண்டழுகலுக்கு ஒரு நிறம் என்று மரத்தில் பெயின்ட் அடித்துக் கணக்கெடுக்க வேண்டும். ஆழியார் நகரிலும் வேப்பங்குளத்திலும் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தாரைக் கூட வரச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒரு நிறமும் வேண்டும்: நோயின் நடுவே நோயில்லாமல், முப்பது வயது தாண்டியும் நிறையக் காய்க்கும் மரத்துக்கு. வெட்ட வேண்டியவற்றின் பட்டியலோடும் இழப்பீட்டுக் கோரிக்கையோடும் அந்த மூன்றாவது பட்டியலையும் சேர்த்துக் கிராம சபையில் தீர்மானமாக வைக்க வேண்டும், விதைக்காய் எடுக்கும் பருவம் தொடங்குவதற்குள்.